புல்னி மலை, மதுரை வழியாக

கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டிய பொட்டலம்.
சுங்கவரி நானூற்றுப் பதினெட்டு.
ஞானாபரணம் அதைச் சில்லறையாகத்தான் தருவார்,
விடுதி விடுதியாகக் கீசர் பழுது பார்த்த
ஈரம் காயாத பத்து ரூபாய்த் தாள்கள்.

சீசனில் ஊரே ஏழு ரோட்டில் சாக்லேட் வாங்கும்.
இவர் அமெரிக்காவிலிருந்து பழைய கடிதம் வாங்குவார்,
தபால்தலை பிறக்காத காலத்துக் கடிதங்கள்.
உறை கிடையாது. எழுதிய தாளே மடிந்து மடிந்து
தனக்குத் தானே உறையாகிவிடும்.
மூலையில் சிவப்பு மையில் ஒரு ஐந்து:
முந்நூறு மைலுக்குள் ஐந்து சென்ட்.
"அப்பல்லாம் தூரத்துக்குத்தான் மேடம் விலை."
இப்பவும் அதுதான் என்று
ஸ்பீட் போஸ்ட் அட்டவணையைக் காட்டினேன்.

இந்த முறை கவுண்டரிலேயே பிரித்துவிட்டார்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு.
மாசசூசெட்ஸில் வாயில் நுழையாத ஓர் ஊர்,
பாஸ்டனில் பனிக்கட்டி ஏற்றிய கப்பல்,
சென்னையில் ஒரு கறுப்பு முத்திரை, மதுரையில் பாதி அழிந்த இன்னொன்று,
பிறகு பெரியகுளத்திலிருந்து
யாரோ ஒருவருடைய தலைச்சுமையில், மேலே, மேலே.
அந்த யாரோவுக்கு முத்திரை இல்லை.

விலாசத்தில் 'புல்னி மலை' என்றிருந்தது.
நம் பழனி அந்தக் காதில்
அப்படி விழுந்திருக்கிறது.

அரக்கு உடையவில்லை.

மலை ஏறி வந்து, பிரிக்காமலே இறங்கி,
எந்த நாட்டில் எந்தப் பெட்டியில் கிடந்ததோ,
மறுபடி ஏறி வந்திருக்கிறது
பார்கோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள்.

"கடிதம் வரதுக்குள்ள அந்தம்மா இறந்திருப்பாங்க."
அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
'வாங்க மறுத்தார்' என்று எழுதி எழுதி
எத்தனை பேனா தீர்ந்தது என்று கணக்கில்லை.
காய்ச்சலில் போனவர்களைவிட
கோபித்துக்கொண்டவர்கள் அதிகம்.
அனுப்பியவர் பெயரைப் பார்ப்பார்கள்,
கதவு சாத்திக்கொள்ளும்.
இதைச் சொன்னேன். கொஞ்சம் வாடிப்போனார்.

பிறகு தாளைத் திருப்பி
விரல் படாமல் ஓர் எண்ணைக் காட்டினார்.
"கப்பல் கூலி. வாங்குறவங்கதான் கட்டணும்.
கட்டியிருக்காங்க பாருங்க.
கோபம்னா காசு கட்டி எதுக்கு மேடம் வாங்கணும்?
வாங்கிட்டு எதுக்குப் பிரிக்காம வைக்கணும்?"

என்னிடம் பதில் இருந்தது.
நாயுடுபுரத்தில், என் பீரோவில், புடவைகளுக்கடியில்
அக்காவின் இன்லண்டு ஒன்று,
இரண்டாயிரத்து ஒன்பதில் வந்தது.
வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் நகரவில்லை. ஒரே ஒரு உதவி என்றார்.
"வந்து சேர்ந்ததுக்கு ஒரு முத்திரை. இன்னைக்குத் தேதி போட்டு."
அதன் மேல் புது மை பட்டால்
விலை பாதியாகிவிடும், பிரித்தாலும் பாதியாகிவிடும்,
அவரே முன்பு சொன்னதுதான்.
பட்டுவாடா ஆகாத தபாலில் குத்த விதி இல்லை என்றேன்.
முகவரிதாரர் நேரில் வரவேண்டும் என்றும் சொன்னேன்.
சிரிக்கவில்லை அவர்.

சுங்கவரி ரசீதில் குத்திக் கொடுத்தேன்.
கொடைக்கானல், ஆறு இரண்டு நான்கு ஒன்று பூஜ்யம் ஒன்று.
தேதி இவ்வளவு தெளிவாக
வருஷக்கணக்கில் நான் பதித்ததில்லை.
இரண்டையும் சேர்த்துக் கண்ணாடித்தாளில் வைத்தார்.

போகிறபோது கடிதத்தை
ட்யூப்லைட்டுக்கு நேரே உயர்த்திப் பார்த்தார்.
நீளவாட்டில் எழுதி, இடம் போதாமல்
குறுக்கேயும் எழுதி, உள்ளே ஒரே மீன்வலை.
ஒரு சொல் மட்டும் சிக்கியது.
எழுத்துக் கூட்டிப் படித்தார்: பசு.

வேறு ஒன்றும் தெரியவில்லை.
வாங்கினார்களா, விற்றார்களா, கன்று போட்டதா,
அந்தக் குளிருக்குத் தாங்கியதா.
ராத்திரி சோறு வடிக்கும்போது
அந்தப் பசுவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
பீரோ சாவியை எங்கே வைத்தேன் என்றும்.