‘ம்’முக்குக் கட்டமில்லை

அறுபத்திரண்டு வீடுகள்.
காரைக்குடி, புதுவயல், கண்டனூர்,
கோட்டையூரில் ரயில்வே கேட் தாண்டி ஒரு தெரு.
ஆளுக்கொரு கேள்வித்தாள்.
அவருக்கு முகப்பில், அவளுக்கு அடுப்படியில்
கொடுத்துவிட்டு நடுவில் நிற்பேன்,
ஒருவர் விடையை ஒருவர்
எட்டிப் பார்த்துவிடாமல்.

ஒன்று என்றால் கொஞ்சமும் இல்லை.
ஐந்து என்றால் முழுத் திருப்தி.
“திருப்தியாங்கிறது பந்தியில கேக்குறதில்லையா?”
என்றாள் கோட்டையூர் உமையாள்.
“எலையை மடிச்சப்புறம் சொல்றது.
நான் இன்னும் சாப்புட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.”
அதை எழுத இடமில்லை.
மூன்றைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டேன்.

பள்ளத்தூர் பிளம்பர் ஒருவர்
இரண்டு தாளையும் தானே நிரப்பித் தந்தார்.
எல்லாம் ஐந்து,
நீல மையில் ஒரே சாய்வு.
அன்றிரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு மிஸ்டு கால்.
திரும்ப அழைத்தேன்.
“பதினேழை மட்டும் மாத்திக்கலாமாக்கா?”
பதினேழு: அடுத்த பிறவியிலும் இவரையே...
“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்கா?”
பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம்.
கழுவுவது அவர்தான் என்றாள்.

ஒலிப்பதிவுக்கு ஒத்துக்கொண்டவை ஆறு வீடுகள்.
சண்டையை எண்ணாதே என்றார் வழிகாட்டி.
ஒருவர் சும்மா எதையாவது சொல்லும்போது
மற்றவர் திரும்புகிறாரா, அதைப் பார்.
இரண்டு கட்டம் போதும்:
திரும்பினார். திரும்பவில்லை.

புதுவயல் ரைஸ்மில்லில் எடைபோடுகிற சோலையப்பனும்
தேனம்மையும்
நாலு மணி நேரத்தில் பேசியது பதினோரு வாக்கியம்.
“நாளைக்கு மில்லுல கரண்ட் இல்லையாம்.”
“ம்.”
“அந்தப் பூனை இன்னைக்கும் வந்துச்சு.”
“ம்?”
“வெள்ளைக்காலு.”
“ம்ம்.”
“சக்கரை எரநூத்தி நாப்பதாம்.”
குழாயில் தண்ணீர் விழுகிறது.
நிற்கிறது.
பிறகு மூக்குக்குள் எங்கோ கிளம்பி
மெதுவாக இறங்கும் ஒரு
“ம்...”
ஒரு டப்பா இழுபடும் ஓசை.
சீனி டப்பாவாக இருக்கலாம்.
ஸ்டூல் நகர்ந்து, மேல்தட்டில் ‘டொக்’.

எத்தனை தடவை ஓட்டிக் கேட்டிருப்பேன்!
கேட்டுக்கொண்டேன், போதும் என்கிற ம்.
காதில் விழவில்லை, ஆனாலும் பேசு என்கிற ம்.
துணிக்கிளிப்பைப் பல்லில் கடித்திருக்கையில்
வேறெதுவும் சொல்ல வராத ம்.
உதடு திறக்காமலே
கதவைச் சாத்திவிடுகிற ம்.
முதுகைக் காட்டியபடியே
முழுதாகத் திரும்பிவிட்ட ம்.
எங்கிருந்தோ மொழிபெயர்ந்து வந்த தாளில்
இரண்டே கட்டம்.
பென்சிலால் மூன்றாவது கோடு கிழித்தேன்.
அழித்தேன்.
காகிதம் அந்த இடத்தில் லேசாக மொரமொரவென்றிருக்கிறது.

செக்காலை ரோட்டில் என் வாடகை மாடி.
ஜோகூரில் வயிரவனுக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம்.
வீடியோவில் அவன் நெற்றியும்
பாதி ஃபேனும் தெரிகின்றன.
“இங்க மழை” என்கிறான்.
ஒரு காதில் அவன்.
மறு காதில் சோலையப்பன்,
பூனையைப் பற்றி.
“ம்” என்றேன்.

அவன் நெற்றி கொஞ்சம் கீழே இறங்கியது.
கண் தெரிந்தது.
“இது எந்தக் கட்டம்?” என்றான்.
கோபமாகக் கேட்டிருந்தால்
பதில் வைத்திருந்தேன்.

சோலையப்பனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
அங்கேயும் ஏதோ சின்னதாகப்
பேசிக்கொண்டுதான் இருந்தார்.
“பலத்த மழையா?” என்று கேட்டேன்.
ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து
சொன்னான்,
நின்றுவிட்டதாம்.