ஏழாவது தடத்தில் யாரோ

அரிய பதிவுகள் என்று உறையில் போடப்போகிறார்களாம்.
யாரும் வாங்காததை
இப்படியும் சொல்லலாம் போல.

முந்நூறு தட்டு அடித்தோம், அறுபத்தாறில்.
நாற்பத்தொன்று விற்றது.
மிச்சத்தில் ஒரு கட்டு
டிரம்மர் ராஸ்கோ வீட்டுக் கோழிக்கூண்டின்
ஓட்டையை அடைக்கப் போனது.
நனைந்த தீக்குச்சிகள் என்று எங்களுக்குப் பெயர்.
யாக்கிமாவில் அப்போது
ஆப்பிள் இருந்தது, நாங்கள் இருந்தோம்.
ஆப்பிளுக்கு விலை இருந்தது.

ஒரே பாட்டு, பதினோரு முயற்சி,
அத்தனையும் சேர்க்கிறான் ஆன்செல்.
நான்காவதில் கராஜ் கதவு கிறீச்சிடுகிறது.
பழ டப்பா ஆலையில் இரவு வேலை முடிந்து
ராஸ்கோவின் அப்பா ஹார்லன் ட்வெட் வருகிறார்,
ஹார்ன் இரண்டு தடவை.
பாட்டை நிறுத்தாமலே டிரம்மை நகர்த்துகிறோம்,
ஆம்ப்ளிஃபயருக்கும் உரமூட்டைக்கும் நடுவே
கார் உள்ளே ஊர்கிறது.
எஞ்சின் அணைகிற அதே நொடியில்
நாலு பேரும் பல்லவியில் இறங்குகிறோம்.
மிச்சம் ஏழு முயற்சியும்
அப்படி இறங்கப் பார்த்ததுதான்.

மேடைப் பதிவு என்கிறார்கள் இன்னொன்றை.
மேடை ஏது?
பௌலிங் கூடத்தில், வாடகைக்குக் காலணி தரும் கவுண்டரை
ஒதுக்கிவிட்டு நின்றோம்.
டெல்மர் உயிரைக் கொடுத்துப் பாடும்போது
"ஒன்பதாம் அளவு இருக்கா?" என்று
ஒரு பெண் நேராக மைக்கிலேயே கேட்கிறாள்.
டெல்மர் இருக்கிறது என்று பாடியே பதில் சொல்கிறான்.

மூன்றாவது பாட்டில்
நான் தப்பான கம்பியைத் தொட்டேன்.
பேஸ் கிட்டாரில் தப்பு என்றால்
தரையே ஒரு படி இறங்கின மாதிரி.
நாற்பத்தாறு வருஷம் அந்த ஒரு சுரம்
பல் டாக்டர் நாற்காலியில்,
வரிக் கணக்கு எழுதுகையில்,
டெல்மரைப் புதைத்த அன்றைக்கும்கூட
என் வயிற்றுக்குள் மறுபடி விழுந்தது.

போன மாதம் பழைய டேப்பின் நகல் வந்தது.
சமையலறையில் கேட்டேன், அடுப்பை அணைத்துவிட்டு.
அந்த இடம் நெருங்க நெருங்கக்
கால் விரல்கள் மடங்கின.
தடால்.
ஏழாவது தடத்தில் யாரோ
பத்துக் கட்டையையும் ஒரே உருட்டில் சாய்த்திருக்கிறார்கள்.
என் தப்பு அதற்கடியில்.
அன்றைக்கு ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.
என்னைத் தவிர.

நேற்று ஆன்செல் இன்னொரு நகல் அனுப்பினான்.
இருபத்தாறு வயசு, நல்ல பிள்ளை,
கழுத்தில் ஓணான் பச்சை குத்தியிருக்கிறான்.
"சத்தத்தையெல்லாம் கழுவிட்டேன், மார்லிஸ்,
இப்ப உங்க பேஸ் துல்லியமா கேக்கும்."
கேட்டது.
கட்டைகள் இல்லை, காலணி கேட்டவள் இல்லை,
நட்டநடுவில்
குளித்துத் தலைசீவி நிற்கிறது
என் தப்பு.

உடனே கூப்பிட்டேன்.
கட்டைகளைத் திரும்ப வை என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை அவனிடம்,
நெகிழ்ந்துவிட்டான் போல.
இன்று வந்த உறையின் மாதிரியில்
இப்படி அச்சாகியிருக்கிறது:
அன்றிரவின் உண்மையைத் தொடக்கூடாது என்று
இசைக்குழுவினர் பிடிவாதமாக இருந்தார்கள்.

படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏழாவது தடத்தில் விளையாடியவரே,
உங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.
ஆணா பெண்ணா, இருக்கிறீர்களா, தெரியாது.
ஒருவேளை
காலணி அளவு ஒன்பதோ?