நிற்க

முதல் மூன்று பிள்ளைகளுக்கும்
நல்ல பெயர்களாகத்தான் வைத்தார்கள்.
ஒருவன் தங்கம், ஒருத்தி நிலா, ஒருவன் அரசன்.
ஒன்றுகூட முதல் பனியைத் தாண்டவில்லை.

நான்காவது பிறந்தபோது சைராகானுக்கு
அழகான சொற்கள்மேல் நம்பிக்கை போயிருந்தது.
நாரின் ஆறு உறைந்திருந்த வாரம்.
சன்னல் வழியாகப் பிள்ளையைப்
பக்கத்துவீட்டு உல்கானுக்கு விற்றாள்,
வாசல் வழியாகத் திரும்ப வாங்கினாள்.
விலை, ஒரு கிண்ணம் மாவு.
சாவு கணக்குக் கேட்டு வந்தால்
பெற்றதில்லை, வாங்கியது என்று சொல்லிக்கொள்ளலாம்.
பிறகுதான் பெயர்: துர்சுன்.

கிர்கிஸ் மொழியில் அது பெயர்ச்சொல்லே அல்ல.
'துர்' என்றால் நில்.
'சுன்' அதன் வால், கெஞ்சும்போது ஆடுவது.
நம் இலக்கணத்தில் வியங்கோள் வினைமுற்று.
நிற்கட்டும். நிற்க.
வீரம் இல்லை, ஒளி இல்லை, முன்னோர் யாரும் இல்லை அதில்.
யார் காலையோ பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வினை.

நின்றான்.
அதனால் அடுத்தவனுக்குத் துர்து என்று வைத்தார்கள்,
'நின்றான்' என்றே பொருள்.
இறந்தகாலம்;
யாரும் இறக்காத இறந்தகாலம்.

முப்பத்தோரு வயதில் துர்சுன் மாஸ்கோவுக்குப் போனான்.
குதிரை விற்ற பணம் பேருந்துக்கும்
முதல் மாத வாடகைக்கும் சரியாய்ப் போனது.
கிடங்கு மேற்பார்வையாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார்:
"வாயில் நுழையவில்லை. நீ தோலிக்."
முந்தைய ஆள் விட்டுப்போன கையுறையோடு
அந்தப் பெயரும் வந்தது.
அவனும் தோலிக்காம்.

நம் பழைய கடிதங்களில் வருமே,
'இவ்விடம் நலம். நிற்க.'
நிற்கச் சொல்லிவிட்டு
அடுத்த விஷயத்துக்குப் போய்விடும் கை.
பெற்றவள் எழுதியதும் அப்படித்தான் ஆயிற்று.

பதினான்கு மாதம் கழித்து, பிப்ரவரியில்,
மெட்ரோவின் நகரும் படிக்கட்டு முடிகிற இடத்தில்
முதுகுக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரன் கத்தினான்:
"ஸ்தோய்!"
ருஷ்ய மொழியில், நில்.

இரண்டு பேர் ஓடினார்கள்.
துர்சுன் மட்டும் திரும்பினான்,
ஏறக்குறைய சிரித்தபடி,
அந்த ஊரில் முதன்முறையாக யாரோ
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

"என்ன இளிப்பு? பெயர் சொல்."

பனி சொட்டும் தொப்பியைக் கழற்றினான்.
தோலி... என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டான்.