கோடு தொடக்கம், கோடு முடிவு

முருகேஷ்பாளையத்தில் மூன்றாம் மாடி.
இரவு ஒன்றரைக்கு வந்து விழுகிறது கோப்பு:
எங்கோ ஓர் அமெரிக்க மாநிலத்தின் பட்ஜெட்,
நூற்றுப் பதினான்கு பக்கம், ஸ்கேன் செய்தது,
அங்கங்கே ஆளுநரின் நீலப் பேனா
நடந்து போயிருக்கிறது.

பார்வையற்றவர்கள் கேட்டுப் படிப்பதற்காக
அதைத் தட்டச்சு செய்து தருவது என் வேலை.
அடித்த வரியையும் விட்டுவிடக் கூடாது, அது விதி.
'கோடு தொடக்கம்' என்று போட்டு
அடிபட்டதை எழுத்துப் பிசகாமல் போட்டு
'கோடு முடிவு'.

அவர் அடித்ததை நான் அடிக்கிறேன்.
நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று
பக்கத்து சீட் ஜெசிந்தாவிடம் சொன்னேன்.
ஹெட்போனைக் கழற்றாமலே சிரித்தாள்.

சபை நாற்பது நாள் கத்திச் சேர்த்த மசோதா.
அப்படியே ஏற்கலாம், அப்படியே திருப்பலாம்,
இல்லை, சோற்றில் கல் பொறுக்குவதுபோல
ஒரே ஒரு வரியை எடுத்து வீசலாம்.
காவல்படை அவர் சொன்னால் கிளம்புமாம்,
சிறைக்கதவுகூட அவர் கையெழுத்துக்குத் திறக்குமாம்.
பயிற்சி நாளில் நாகேஷ் சொன்னான்.
ஓட்டு வாங்கி வந்தவர் என்றும் சொன்னான்.
மூடியைத் திறக்காமலே
பேனாவை வைத்திருக்கும் நம் பக்கத்து வித்தையை
அவனிடம் நான் சொல்லவில்லை.

பக்கம் அறுபத்திரண்டு, வரி பதினேழு.
டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும்
வேன் ஒன்றுக்கு நாற்பத்தோராயிரம் டாலர்.
கோடு இங்கே நேராக இல்லை.
'வேன்' மேல் அழுத்தமாகத் தொடங்கி
எண்ணுக்கு வருவதற்குள் மை மெலிந்து
கடைசிப் பூஜ்யத்தைத் தொடாமலே நின்றுவிட்டது.

தயங்கினாரா?
போன் வந்ததா?
யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்களா?
அதையெல்லாம் எழுத விதியில் இடமில்லை.

தொடாத பூஜ்யம் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?
டிக்கெட் போட்டேன்.
இருபது நிமிடம் கழித்து நாகேஷின் பதில்:
'நீயே முடிவு செய்.'

எங்கள் கேபை நிறுத்தியதும்
இதே நாகேஷ் அனுப்பிய ஒரு வரிதான்.
ஏப்ரலிலிருந்து விடியும்வரை உட்கார்ந்திருந்து
கோடிஹள்ளி நாய்களைத் தாண்டிப்
பஸ் பிடிக்கிறோம்.
முடிவு செய்யச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
இப்போது கேட்டிருக்கிறார்கள்,
ஒரு பூஜ்யத்தைப் பற்றி.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
ஹெச்.ஏ.எல். பக்கம் ஏதோ விமானம் உறுமி அடங்கியது.
நான்கு, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்,
'கோடு முடிவு',
பூஜ்யம்.

அந்த ஊரில் யாரோ ஒருவர் காதில்
இயந்திரக் குரல் அதைச் சொல்லும்,
கோட்டுக்கு வெளியே
தனியாக நிற்கும் ஒரு பூஜ்யத்தை.
அவர் என்ன நினைப்பாரோ.
தவறு என்று புகார் வந்தால்
பக்கத்தைக் காட்டுவேன்.

வரி பதினெட்டு: மரப்பாலம், பழுதுபார்ப்பு, ஆறாயிரம்.
அவர் அடிக்கவில்லை.
நான் அடித்தேன்.