பதினான்காம் கட்டம்

எல் ஆல்ட்டோவில் தண்ணீர்
எண்பத்தேழு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
அவசரக்காரத் தண்ணீர்.
தளதளவென்று சத்தம் வரும்,
உருளைக்கிழங்கு மட்டும் வேகாது.

கூட்டுறவு வங்கியில் எனக்குக் கடன் மேசை.
எங்கள் படிவத்தின் பதினான்காம் கட்டம் கேட்கும்:
தொழிலில் வெல்ல உதவும் உங்கள் குணங்கள் எவை?
விடாமுயற்சி, நேர்மை, துணிச்சல்.
வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பவர்
இரண்டு பொலிவியானோவுக்கு
மூன்று குணம் அடித்துத் தருவார்.

ஃபோர்த்துனாத்தா வராச்சி அதைக் காலியாக விட்டிருந்தாள்.
அதிர்ஷ்டம் என்று பெயரையே வைத்துக்கொண்டு
கடன் எதற்கு என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
கேக் சுட அடுப்பு வேண்டும், ஒன்பதாயிரம்.
தரவில்லை.

மறுமுறை ஒரு கேக்கையே முதுகுத்துணியில் கட்டிவந்தாள்.
நடுவில் பள்ளம்.
இந்த உயரத்துக் காற்றில் மாவு
விறுவிறுவென்று ஏறித் தொப்பென்று உட்காரும்.
நான் பார்ப்பதற்குள் அவளே சொன்னாள்:
“இது நாற்பத்தொன்றாவது.
நாற்பதைவிட அரை விரல் பள்ளம் குறைவு.”
விரலை விட்டும் காட்டினாள்.
அன்றும் தரவில்லை.

மூன்றாம் முறை படிவமே இல்லை.
“இரண்டு தடவையும் ஏன் மறுத்தீர்கள்?
வரிசையாகச் சொல்லுங்கள்.”
பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
பிணை இல்லை என்றேன், எழுதிக்கொண்டாள்.
வரவு செலவு நோட்டு இல்லை என்றேன்,
எழுதிக்கொண்டாள்.
கணவர் கையெழுத்து இல்லை என்றேன்.
பேனாவை மூடினாள்.

அப்புறம் ரொட்டிக்காரர் செவேரோவின் அடுப்பை
அவர் தூங்கும் நேரத்துக்கு வாடகை பேசியிருக்கிறாள்,
இரவு பத்திலிருந்து ஒன்று வரை.
பள்ளத்தில் பால் ஜாமை ஊற்றி
வியாழன் சந்தையில்
பள்ளம் என்றே கூவி விற்றாள்.
குழியில் விழுந்ததைக் காசாக்குகிறாள் என்றது எதிர்க்கடை.
அந்த வாசகத்தையும் கூவலில் சேர்த்துக்கொண்டாள்.

எட்டாம் மாதம் சூத்திரம் பிடிபட்டது.
பேக்கிங் பவுடர் பாதி, முட்டை ஒன்று கூடுதல்,
அடுப்பில் சூடு சற்று அதிகம்.
கேக் மேசைபோல் நிமிர்ந்து நின்றது.
ஒருவரும் வாங்கவில்லை.
பள்ளம் எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எழவைக்கக் கற்றவள்
மறுபடி விழவைக்கக் கற்க உட்கார்ந்தாள்.
“தானாக விழுவது சுலபம்.
தினமும் ஒரே அளவு விழ வேண்டும், அதுதான் பாடு.”
நோட்டில் இருந்தது இது,
முட்டைக் கணக்குக்கும் விறகுக் கணக்குக்கும் நடுவில்.
அந்த நோட்டைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.
பதினைந்தாயிரம் வாங்கிக்கொள், பெரிய அடுப்பாகப் போடு என்றேன்.
(பெரிய கடன் என்றால் எனக்கும் கொஞ்சம் கிடைக்கும்.)
ஒன்பதுதான் எடுத்தாள்.
“பாவாடை எவ்வளவு அகலமாகவும் இருக்கலாம்,
கால் அகலக் கூடாது.”

ஆனாலும் அகலக் கால் வைத்தாள் ஒரு தடவை.
கீழே, லா பாஸின் தெற்குப் பக்கம், பணக்காரத் தெருவில்
இரண்டாவது கடை.
அதே மாவு, அதே கை,
கேக் விழ மறுத்தது.
நான்கு மாதம் பார்த்தாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை
வேலைக்கார நீல்டாவுக்கு மாதக் கடைசி வரை சம்பளம் எண்ணிக்கொடுத்து
கண்ணாடி அலமாரியை விற்று
மஞ்சள் கேபிள் காரில் ஏறினாள்,
மடியில் கடையின் பெயர்ப்பலகை.
எதிர் இருக்கையில் நான்.
ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
“கீழே காற்று ஜாஸ்தி,” என்றாள்,
“கேக்குக்குத் திமிர் வந்துவிட்டது.”
அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இந்த வருடத் தணிக்கையில்
அவள் கோப்பு என் மேசைக்குத் திரும்பியது:
பதினான்காம் கட்டம் காலி, நிரப்பி அனுப்பவும்.
மூன்றாவதைக் கேட்டதும் பேனாவை மூடுவாள்
என்று எழுதி அனுப்பினேன்.
பட்டியலில் இல்லாத குணம் என்று
சிவப்பு மையில் திரும்பி வந்திருக்கிறது.

வியாழன் சந்தைக்குப் போய் இதை அவளிடம் சொன்னேன்.
ஒரு பள்ளத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.
முழு விலையும் வாங்கிக்கொண்டாள்.