பதினேழாவது படி

வேன் கூரையில் ஆன்டெனா மெல்லத் திரும்புகிறது,
காது மந்தமானவர் பேச்சு வந்த பக்கம்
தலை சாய்ப்பதுபோல்.

மண்ணடியில் மாலை நாலு மணிக்கு மேல்
அழைப்புகள் அறுந்து விழுகின்றனவாம்.
கம்பெனி அனுப்பிய புகார்: நான்கு பக்கம், வண்ண வரைபடம்.
பத்தாம் நாளே எங்களை அனுப்பிவிட்டார்கள்.

லிங்கிச் செட்டித் தெருவுக்குள் வேன் நுழையாது.
மீன்பாடி வண்டிகளுக்கு இடையில்
கையேந்து ஆன்டெனாவோடு நடந்தேன்.
"கேபிள் கனெக்‌ஷனா மேடம்?" என்றது ஒரு ஜன்னல்.
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

இரைச்சலுக்கும் கதவு எண் உண்டு.
திரையில் பச்சைக் கோடு இடப்பக்கம் தணிந்து
வலப்பக்கம் புற்றாய் எழுந்து
கடைசியில் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்னால்
பேனாக்கத்தி அளவு ஏரியலில் வந்து நின்றது.
அங்கிருந்து கறுப்பு ஒயர்
மூன்று மாடி இறங்கி, தரைக்கும் கீழே.

நிலவறை. பொத்தான் மொத்த வியாபாரம்.
மூட்டை மூட்டையாகக் கண்கள்,
இரண்டு ஓட்டை, நான்கு ஓட்டை.
கவுஸ் முகைதீன் எழுந்து ஸ்டூல் போட்டார்.
ரிச்சி தெருவில் வாங்கியது, இரண்டாயிரத்து எண்ணூறு, பில் இல்லை.
சாயந்திரம் திருப்பூர் ஆர்டர் வரும் நேரத்துக்கு மட்டும் போடுவாராம்.
"சிக்னலுக்குப் பொட்டி கேட்டேன், குடுத்தான்.
லைசென்ஸ் வேணும்னு பொட்டி மேல எழுதலையே."

பிறகு கணக்கு நோட்டைப் பிரித்தார்.
ஜிப் பாக்கிக்கும் பொத்தான் வரவுக்கும் நடுவே
கம்பெனிக்குச் செய்த புகார்களின் எண்கள்.
பதினொன்று.
"இதுக்கு யாராச்சும் வேன் அனுப்புனாங்களா?"

என் பையில் சட்டம் இருக்கிறது. கார்பன் வைத்த படிவம் இருக்கிறது.
நுழைய, கைப்பற்ற, அரக்கு வைக்க அதிகாரம் இருக்கிறது.
ஒரு நிலவறைக்கு அது தாராளம்.
கம்பெனிமேல் விதித்த அபராதமோ
டெல்லியில் ஒரு தடையாணையைப் போர்த்திக்கொண்டு
நாலாவது வாய்தா வரை தூங்குகிறது.

சாட்சிகள்: ஜிப் கடை ரமணிக்லால், சுமை தூக்கும் ஏசுபாதம்.
ஏசுபாதம் மட்டும் படிவத்தை முழுக்கப் படித்தார்.
"குறுக்கீடுன்னா?"
சொன்னேன்.
"அடுத்தவன் பேசுறப்ப நடுவுல பேசுறதா? அதுக்கா இவ்ளோ கையெழுத்து?"

பிளக்கைப் பிடுங்கினேன்.
பச்சைக் கோடு தரையோடு படுத்தது.
மேலே தெருவில் யாரோ
ஒரு வாக்கியத்தை முடித்திருப்பார்.
கீழே கவுஸ் முகைதீனின் போனில்
கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.
அவர் தந்த டீயைக் குடித்தேன்.
விதிப்படி குடித்திருக்கக் கூடாது.

நான்காம் நாள் ஆபீஸ் தரைவழிப் போன் அடித்தது.
பின்னணியில் லாரி ஹாரன், யாரோ விலை சொல்லும் சத்தம்.
"மேடம், எண்ணிப் பாத்துட்டேன்.
பதினேழாவது படியில நின்னாத்தான் கெடைக்குது.
அங்கதான் நிக்கிறேன். இதையும் எழுதிக்குங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.