அப்பா படுக்கும் பக்கம்

பத்து நிமிடம் கொதித்தால் போதும்,
மீதியைக் கட்டில் பார்த்துக்கொள்ளும் என்பாள் அம்மா.

ராடோம் நகரில், நான்காவது மாடியில்,
குளிர்காலத்து எரிவாயு
மாலை ஏழுக்கெல்லாம் நீலப் பொட்டாகச் சுருங்கிவிடும்.
அதற்குள் காஷா ஒரு கொதி கண்டாக வேண்டும்.
ஒரு பங்கு தானியம், இரண்டு பங்கு தண்ணீர், உப்பு,
கட்டைவிரல் அளவு பன்றிக்கொழுப்பு.
நடுவில் மூடியைத் தூக்கிப் பார்த்தால்
புறங்கையில் கரண்டி விழும்.

பிறகு கட்சிப் பத்திரிகையில் நான்கு தாள்.
எங்கள் வீட்டில் வேறெதற்கும்
அதை இவ்வளவு கவனமாய் விரித்ததில்லை.
அதன் மேல் அப்பாவின் கம்பளிச் சட்டை,
இரண்டு கைகளையும் முன்னால் முடிச்சிட்டு.
அதற்கும் மேல் வாத்திறகுப் போர்வை.
பெரிய கட்டிலில், சுவரோரமாக,
அப்பா படுக்கும் பக்கம்.

அந்த டிசம்பரில் அப்பா அங்கே படுக்கவில்லை.
எங்கே என்று நானும் இர்மினாவும் கேட்கவில்லை.
கேட்காத பிள்ளைகளிடம்
யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.
பானை படுத்திருந்தது, தொப்பை மேடாக.
அதன் மேல் பட்டும் படாமலும்
நாங்கள் காலை நீட்டித் தூங்கினோம்.

இரவு பதினொன்றுக்கு மூன்று பேர் வந்தார்கள்.
எங்களை எழுப்பிச் சுவரோரம் நிறுத்திவிட்டு
அலமாரி, ரொட்டிப் பெட்டி, தையல் இயந்திரத்தின் வயிறு.
இளையவன் கையுறையைக் கழற்றி
போர்வைக்குள் கையை விட்டான்.
சுவர்ப்பக்கம் சூடாக இருக்கிறது, என்றான்.
இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான்.

மற்ற இருவரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள்.
பின்முற்றத்தில் பனி,
ஒரு பூனை நடந்த தடம்கூட இல்லாமல்.

அம்மா போர்வையை விலக்கினாள்.
சட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்,
குழந்தைக்குக் குல்லாய் கழற்றும் நிதானத்தில்.
தாள் தாளாய்ப் பிரித்து மூடியைத் திறந்தாள்.
ஆவி எழுந்து அதிகாரியின் கண்ணாடியை மூடியது.
துடைத்துக்கொண்டு அவர்
நான்கு தாள்களையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
அவர்களுடைய பத்திரிகைதான்.

விடியும்வரை திறக்கக் கூடாதது, என்றாள் அம்மா.
கெடுத்துவிட்டீர்கள்.

இளையவனின் கை மட்டும்
பானை எழுந்த குழியிலேயே இருந்தது,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.
பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எடுத்தான்.
ஜெனோன், போகலாம்.

காலையில் காஷா நறுக்நறுக்கென்றது.
ஐந்து மணி ஷிப்டுக்குப் போகும் முன்
அம்மா நின்றுகொண்டே அதை மென்றாள்,
கோபத்தை மெல்வதுபோல, ஒரு பருக்கை விடாமல்.

மே மாதம் அப்பா வந்தார், தாடியோடு.
எரிவாயு நன்றாகவே எரிந்தது அப்போது.
ஆனாலும் கைப்பழக்கம்,
அன்றிரவும் பானையை அங்கேயே கிடத்திவிட்டாள் அம்மா.
எடு என்று சொல்லவில்லை அவர்.
தன் சட்டையை முகர்ந்து பார்த்தார்.
நான் இல்லாதபோது
இவன் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான், என்றார்.
பிறகு காலணியைக்கூடக் கழற்றாமல்
பானையைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனார்.

மறுநாள் யாரும் மூடியைத் திறக்கத் துணியவில்லை.
மதியம் அவர் விழித்தபோதும்
சூடாகத்தான் இருந்தது.